வண்டிக்கு முன் வேலை
(அறக்கட்டளையின் சுயதொழில் ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் திட்டத்துக்கு வரும் மனுக்களில், இளைஞர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை ஒன்றுண்டு. "குட்டி யானை வாங்கப் போகிறேன், முன்பணத்துக்கு உதவுங்கள்" என்பதுதான் அது. நிர்வாகக் குழு இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. வண்டி வாங்கும் முன்பணத்துக்குக் கடன் தருவதில்லை. ஆனால் சாமான் ஏற்றி இறக்கி இடம் மாற்றித் தரும் தொழிலை முறையாகத் தொடங்குபவர்களுக்குக் கருவிகள் வாங்கக் கடன் தருவோம். இந்த முடிவு சிலருக்கு வருத்தம் தந்திருப்பது தெரியும். அதன் காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் சொல்வதற்காகவே இன்று பேசுகிறோம்.

தவணை மாதாமாதம் வரும், லோடு வராது

டாடா நிறுவனம் 2005-இல் 'ஏஸ்' வண்டியை இறக்கியது. முக்கால் டன் சுமக்கும் அந்தச் சின்ன வண்டி, லாரி நுழைய முடியாத நம் தெருக்களுக்குள் வந்து நின்றது. நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். பிறகு 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. வேறு கம்பெனிகளின் வண்டிகளும் வந்தன. முதலில் வாங்கியவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள், உண்மைதான். இன்று ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கும் வண்டிகளில் பாதி, மதியம் வரை அதே இடத்தில் நிற்கிறது. ஒரு வாடகை வந்தால் நான்கு பேர் ஓடுகிறார்கள். ஒருவர் 1,200 என்றால் அடுத்தவர் 1,000 என்கிறார். வண்டி மட்டுமே கையில் இருப்பவரால் வாடகையைக் குறைத்துத்தான் போட்டியிட முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டிக்காக ஐந்து லட்சம் ரூபாய் நிதி நிறுவனத்தில் வாங்குகிறீர்கள். ஆண்டுக்கு 11 சதவீதம், நான்கு வருடம் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறக்குறைய 12,900 ரூபாய் வரும். முடிக்கும்போது வாங்கிய ஐந்து லட்சத்துக்கு மேல் சுமார் 1,20,000 ரூபாய் வட்டியாகப் போயிருக்கும். வட்டி ஹராம் என்பதை இந்தச் சபையில் விளக்க வேண்டியதில்லை. அதோடு ஒரு நடைமுறை ஆபத்தும் இருக்கிறது. தவணை மாதம் தவறாமல் வரும், லோடு அப்படி வராது. ஆடியிலும் மார்கழியிலும் நம் இந்துச் சகோதரர்கள் பெரும்பாலும் வீடு மாற மாட்டார்கள். ரமளானில் நம்மவர்களும் மாறுவது குறைவு. மழைக்காலத்தில் பல நாள் வண்டியே எடுக்க முடியாது. மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கட்டிய முன்பணமும் போகிறது, தாயின் நகையும் போகிறது. அப்படி முற்றத்தில் வண்டி இல்லாமல் கடன் மட்டும் மிச்சமாகிப் போன வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இல்லாதது எது?

நம் ஊரில் வண்டிக்குப் பஞ்சமில்லை. கவனமாக ஏற்றி இறக்கும் கைகளுக்குத்தான் பஞ்சம்.

ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. வண்டிக்காரர் வாசலில் நிறுத்திவிட்டு, "இறக்குவது என் வேலை இல்லை" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், வாடகை வண்டிக்கு மட்டும்தான் பேசியிருக்கிறார். வீட்டுக்காரருக்குக் கவலை தருவது வாசலிலிருந்து மூன்றாவது மாடி வரையிலான அந்த நாற்பது படிகள்தான். லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் பீரோ மாட்டிக்கொள்ளும். அவசரத்துக்குத் தெருவில் போகிற இரண்டு பேரைக் கூப்பிடுகிறார்கள். ஃபிரிட்ஜ் கதவு நசுங்குகிறது, கண்ணாடி விரிசல் விடுகிறது, சில சமயம் தூக்கியவரின் முதுகெலும்பே போகிறது.

இந்த நாற்பது படிகளைத் தொழிலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். எல்லா லோடும் ஏற்றுவேன் என்று நிற்காமல், பாரமானதும் எளிதில் பழுதாகக் கூடியதுமான சாமான்களை மாடி ஏற்றி, மாடி இறக்கித் தருவோம் என்று ஒரு வேலையில் பெயர் எடுங்கள். பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கண்ணாடி ஷோகேஸ், நோயாளிகளுக்கான மருத்துவக் கட்டில், தையல் மெஷின். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் காலணித் தொழிலுக்கான தையல் யூனிட்டுகள் இருக்கின்றன. ஒரு யூனிட் இடம் மாறினால் பல மெஷின்கள் மாற வேண்டும். அதைத் தெரிந்து செய்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலும் வேலை அவரைத் தேடி வரும்.

தெரிந்திருக்க வேண்டியவை

இது முதுகு பலம் மட்டும் போதுமான வேலை அல்ல. சில உதாரணங்கள் சொல்கிறோம்.

ஃபிரிட்ஜை நிமிர்த்தி வைத்தே கொண்டுபோக வேண்டும். தவிர்க்க முடியாமல் படுக்க வைத்தால், கம்ப்ரசரிலுள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். இறக்கியவுடன் சுவிட்ச் போடக் கூடாது, நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் விட வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வருவதும் உங்கள் வேலைதான்.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்குள் டிரம் ஆடாமலிருக்க ஒரு கனமான கட்டை, பெரும்பாலும் கான்கிரீட்டிலேயே, வைத்திருப்பார்கள். பார்வைக்குச் சிறிதாக இருந்தாலும் அது அவ்வளவு கனப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மெஷினோடு டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் வந்திருக்கும். அவற்றைப் பின்பக்கத்தில் மாட்டாமல் வண்டியில் ஏற்றினால் ஆடி ஆடி உள்ளே பழுதாகும். புது வீட்டில் அவற்றைக் கழற்றாமல் ஓடவிட்டாலும் பழுதாகும்.

கண்ணாடியைப் படுக்க வைத்தால் தன் பாரத்திலேயே உடையும். குத்துக்கு நிறுத்தி, இடையில் போர்வை வைத்து, வண்டிப் பலகையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்கக் கூடாது, ஆசிட் சிந்தும். ஏசியைக் கழற்றும் முன் அதன் வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து மூட வேண்டும். அதற்கு மெக்கானிக்கை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள். தொழிற்சாலைத் தையல் மெஷினில் கீழே எண்ணெய்த் தொட்டி உண்டு. அதை வடிக்காமல் ஏற்றினால் வண்டியிலுள்ள தோலும் துணியும் நாசமாகும்.

வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன் இரண்டு வீட்டையும் நேரில் போய்ப் பாருங்கள். கையில் அளவு நாடா இருக்கட்டும். வாசல் அகலம், படிக்கட்டு திரும்பும் இடம், கைப்பிடிச் சுவர் உயரம், மின்கம்பி எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். பீரோ உள்ளே போகாது என்று முன்பே சொல்பவரை மக்கள் நம்புவார்கள். மாடி வரை தூக்கிப்போய்விட்டுச் சொன்னால் சண்டைதான் வரும்.

உங்கள் உடலும் அமானிதமே. ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற அளவை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. அதுவும் உச்ச அளவுதான், நாள் முழுதும் தூக்குவதற்குச் சொன்னதல்ல. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். மாடி ஏற்றத்துக்கு மூன்று பேர் இல்லாமல் பீரோவைத் தொடாதீர்கள்.

கருவியும் கணக்கும்

தொடங்க என்ன வேண்டும்? படி ஏறும் சக்கரம் வைத்த கைவண்டி ஒன்று, தூக்கும் பெல்ட் இரண்டு ஜோடி, தடித்த போர்வைகள் பத்துப் பன்னிரண்டு, நல்ல கயிறு, கட்டும் ராட்செட் பெல்ட், தார்ப்பாய், இரண்டு பலகை, ஸ்பேனர் ஸ்குரூடிரைவர் செட், கையுறை, அட்டைப் பெட்டி, டேப். இவையெல்லாம் சுமார் 25,000 ரூபாய்க்குள் அடங்கும். வண்டியை ஒவ்வொரு வேலைக்கும் வாடகைக்கு எடுங்கள். ஸ்டாண்டில் சும்மா நிற்கும் அந்த ஓட்டுநர்கள் உங்கள் போட்டியாளர்கள் அல்ல, உங்களுக்கு வண்டி தருபவர்கள். அவர்களுக்கும் வருமானம் வரும்.

ஒரு வேலைக்கு 4,000 ரூபாய் பேசுகிறீர்கள் என்று வைப்போம். வண்டி வாடகை 1,200. உதவிக்கு இரண்டு பேர், தலைக்கு 700, ஆக 1,400. டேப், அட்டை, சாப்பாடு 200. உடைந்தால் ஈடு கட்ட ஒதுக்கும் பணம் 200. மொத்தம் 3,000. மீதி 1,000 ரூபாயில் 700 உங்கள் கூலி, ஏனென்றால் நீங்களும் ஒரு ஆளாகத் தூக்குகிறீர்கள். தொழிலின் லாபம் 300 மட்டுமே. இந்த 300-ஐயும் 700-ஐயும் ஒன்றாகப் பார்ப்பவருக்குத் தொழில் ஓடுகிறதா இல்லையா என்பது கடைசி வரை தெரியாது.

மாதம் பத்து வேலை வந்தால் கையில் நிற்பது 10,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு அது போதாது. எனவே இப்போதுள்ள வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். வீடு மாறுவோர் பெரும்பாலும் மாதக் கடைசியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் மாறுகிறார்கள். முதல் ஆறு மாதம் அந்த நாட்களில் செய்யுங்கள். மாதம் இருபது வேலைக்குக் குறையாமல் ஆறு மாதம் தொடர்ந்து நோட்டில் ஏறிய பிறகு வாருங்கள். அப்போது நீங்கள் வண்டி வாடகைக்கே மாதம் 24,000 கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். சொந்த வண்டி தேவை என்று உங்கள் நோட்டே சொல்லும். வட்டியில் விழாமல் பங்குதாரர் சேர்த்து வாங்கும் வழியை ஆலிம்களிடம் கேட்டு, முறையாக எழுதித் தர நாங்கள் உடனிருப்போம்.

வலிமையும் நம்பகமும்

அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யனுக்கு வந்து சேர்ந்த மூஸா நபி (அலை) அவர்களைப் பற்றி, அந்தப் பெரியவரின் மகள்களில் ஒருவர் தந்தையிடம் கூறிய பரிந்துரை இடம்பெறுகிறது. கூலிக்கு அமர்த்தத் தகுந்தவருக்கு அவர் சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். நம் இளைஞர்களிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதுதான் நீங்கள் விற்கப்போகும் சரக்கு.

மதரஸாவில் நாங்கள் ஓதிய 'குதூரி'யில் கூலி பற்றிய பாடம் ஒன்று உண்டு. இமாம் குதூரி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்தவர். சுமையாள் வழுக்கி விழுந்து பொருள் உடைந்தால் என்ன, சுமையைக் கட்டிய கயிறு அறுந்தால் என்ன என்று அந்தப் பாடம் பேசுகிறது. ஹனஃபி மத்ஹபில் அந்த இழப்புக்கு வேலை செய்தவரே பொறுப்பு. கயிற்றைச் சோதித்திருக்க வேண்டியது அவர் கடமை என்பது இதன் கருத்து. விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் "தவறுதலாக உடைந்துவிட்டது, நான் என்ன செய்ய?" என்று கையை விரிப்பது இந்தத் தொழிலில் செல்லாது. அந்த 200 ரூபாய் ஒதுக்கீடு இதற்காகத்தான். உடைந்ததை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லி ஈடு கட்டுங்கள். அந்த வீட்டுக்காரர் பத்துப் பேரிடம் உங்களைப் பற்றிச் சொல்வார்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். என்னென்ன சாமான், ஏற்கெனவே உள்ள கீறல் எது, எத்தனை மாடி, மொத்தக் கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறர் வீட்டுக்குள் நுழையும் தொழில் இது. அனுமதி கேட்டு நுழையுங்கள், பார்வையைத் தாழ்த்துங்கள், போனில் படம் எடுக்காதீர்கள். நகை, பத்திரம், பணம் ஆகியவற்றை வீட்டாரே கையில் கொண்டுவர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பீரோவைக் காலி செய்து பூட்டி, சாவியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். எல்லாச் சமுதாயத்தாரின் வீட்டுக்கும் போவீர்கள். பூஜை அறைப் பொருள்களை அவர்களே எடுத்து வைக்கும்வரை காத்திருங்கள். மக்காவில் நபி (ஸல்) அவர்களை எதிர்த்தவர்கள்கூடத் தங்கள் பொருள்களை அவர்களிடம்தான் ஒப்படைத்து வைத்தார்கள். ஹிஜ்ரத்தின்போது அவற்றை உரியவர்களிடம் திருப்பித் தர அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு.

சட்டம்

வாடகைக்கு எடுக்கும் வண்டி மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். காப்பீடும் எஃப்.சி.யும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்துவிட்டே ஏற்றுங்கள். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். சுமையோடு சேர்த்து 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குத் தனி பெர்மிட் தேவையில்லை. சாதாரண இலகுரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

அளவுக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து வேலையின் வருமானத்தை இழக்காதீர்கள். சாமான் மேல் ஆட்களை உட்கார வைத்து ஓட்டவே கூடாது. விபத்து நடந்தால் அவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது பெரும் சிக்கலாகிவிடும். மூன்றாம் நபர் காப்பீடு நீங்கள் ஏற்றிய சாமானுக்கு ஈடு தராது என்பதையும் மனதில் வையுங்கள்.

உத்யம் பதிவு இலவசம், இணையத்திலேயே செய்யலாம். உங்களோடு வேலை செய்பவர்களைத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பம் நிரப்ப நம் அலுவலகத்தில் உதவுவோம்.

எங்கள் நிபந்தனைகள்

இரண்டு அல்லது மூன்று பேர் சேர்ந்து வர வேண்டும். லாபப் பங்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத வேண்டும். முதலில் நட்டம் என்றால் அவரவர் போட்ட முதலின் விகிதப்படி. கருவிகளுக்காக 30,000 ரூபாய் வரை கடன் தருவோம். முதல் இரண்டு மாதம் எதுவும் கட்ட வேண்டாம். பிறகு மாதம் 2,000 வீதம் பதினைந்து மாதம், மொத்தம் அதே 30,000. ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. இது ஜகாத் நிதியிலிருந்து அல்ல, இதற்கென்று நன்கொடையாளர்கள் தந்த கடன் நிதியிலிருந்து. நீங்கள் திருப்பிக் கட்டினால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். மாதம் ஒருமுறை கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கடனைத் தருவதற்கு முன், அனுபவமுள்ள ஒருவரோடு ஐந்து வேலைகளுக்காவது கூலிக்குப் போய் வந்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாகக் கடை முதலாளிகளுக்கும் வீட்டுத் தலைவர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வீட்டுச் சாமான் கடைகள் வைத்திருப்போர், டெலிவரி வேலையில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். பேசிய கூலியை, வேலை முடிந்தபின் குறைக்கப் பார்க்காதீர்கள். மூன்று மாடி ஏற்றிவிட்டு வியர்வையோடு நிற்பவரை "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வா" என்று அனுப்பாதீர்கள். கூலிக்காரரின் கூலியைத் தாமதமின்றித் தருவது நம் மார்க்கத்தில் எவ்வளவு வலியுறுத்தப்பட்டிருக்கிறது என்பதை மிம்பரில் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் நாம்.

சுமை தூக்குபவன் என்று சொல்லிப் பெண் தர மறுப்பதையும் விட வேண்டும். வட்டிக்கு வாங்கிய வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளைக்குத் தகுதியானவர், கடனில்லாமல் தோளில் சுமந்து சம்பாதிப்பவர் தகுதியற்றவர் என்றால், பிள்ளைகளை வட்டிக் கடைக்கு அனுப்புவது நாம்தான்.

இளைஞர்களே, வண்டி வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வண்டிக்கு முன்னால் வேலை நிற்கட்டும் என்கிறோம். விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் எந்த நாளும் வரலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வலிமையையும், நாவுக்கு உண்மையையும், ரிஸ்கில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.